விடுபட்ட முப்பத்தொரு பேர்

ஜார்ஜ்டவுனில் ஒரு கண் கிளினிக்கில் நஸீஹாவுக்குக் கணினி நிரல் எழுதும் வேலை. நோயாளிகளுக்கு, டாக்டரைப் பார்க்க வரவேண்டிய தவணை நாளை நினைவூட்டும் நிரல் அவள் எழுதியதுதான். தினமும் காலையில் அது பட்டியலை மேலிருந்து கீழாகப் பார்த்து வரும். கைப்பேசி எண் இருந்தால் செய்தி அனுப்பும். இல்லையென்றால் அவரைத் தாண்டி அடுத்தவருக்குப் போகும்.

எண் இல்லாதவர்களுக்குக் கடிதம் அச்சிட வேண்டும். அந்தக் கட்டளையைப் பிறகு எழுதிக்கொள்ளலாம் என்று, அப்போதைக்குத் 'தாண்டு' என்று போட்டு வைத்தாள். அந்த வாரம் பார்த்து அவள் மகளுக்கு டெங்கி. விடுப்பு முடிந்து வந்தபோது நிரல் ஓடத் தொடங்கியிருந்தது. பிழை என்று எதையும் காட்டவில்லை. அவளும் மறந்துபோனாள்.

எட்டு மாதம் கழித்து, நிபோங் திபாலிலிருந்து பஸ் பிடித்து அய்யாக்கண்ணு வந்தார். பைராம் தோட்டத்தில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். கண்ணில் அழுத்தம் ஏறும் நோய். மார்ச்சிலேயே வந்திருக்க வேண்டும். இடது கண்ணின் பார்வை போய்விட்டது, இனித் திரும்பாது என்றார் டாக்டர். கடிதம் போடுவதாகச் சொன்னார்களே, அதற்காகத்தான் காத்திருந்தேன் என்று அவர் கவுண்டரில் சொன்னது நஸீஹாவின் காதில் விழுந்தது.

நிரலைத் திறந்தாள். அந்த வரி அப்படியே இருந்தது. அதனால் விடுபட்டவர்கள் முப்பத்தொரு பேர்.

சிஸ்டம் கோளாறு என்று சொல்லி முடித்துவிடலாம் என்றார் மேலதிகாரி ஹாஃபிஸ். அவள் கேட்கவில்லை. மற்ற முப்பது பேருக்கும் அன்றே கடிதம் அனுப்பிவிட்டு, சனிக்கிழமை அய்யாக்கண்ணுவின் வீட்டுக்குப் போனாள்.

"சிஸ்டம் மேல தப்பில்லீங்க ஐயா. நான்தான் எழுத மறந்துட்டேன்."

"நான் பக்கத்து வீட்டு நம்பரையாச்சும் கொடுத்திருக்கணும்மா," என்றார் அய்யாக்கண்ணு. அவர் ஏசியிருந்தால்கூட அவள் தாங்கியிருப்பாள்.

அப்பாவைப் பார்க்க வந்திருந்த மகள் காமினி அப்படி விடவில்லை. "அவரு எல்லாத்தையும் தன் தலையில போட்டுக்குவாரு. அதைக் கேட்டுட்டு நீங்க நிம்மதியாப் போயிறாதீங்க."

நஸீஹாவுக்கு வேலை போகவில்லை. எச்சரிக்கைக் கடிதத்தோடு நின்றது. முப்பது பேரில் இருபத்திரண்டு பேர் வந்து கண்ணைக் காட்டிக்கொண்டார்கள். மற்றவர்களைத் தேடிக்கொண்டிருந்தாள். காமினி அப்பாவை வேறு ஆஸ்பத்திரிக்கு மாற்றிவிட்டாள். அவருடைய வலது கண் எப்படி இருக்கிறதென்று போய் விசாரிக்க, நஸீஹாவுக்குத் துணிவு வரவே இல்லை.