இடம் விட்டு எழுதிய எழுபது வரிகள்

என் அண்ணனுக்குத் தாராவியில் பிளாஸ்டிக் தரம் பிரிக்கும் பட்டறை இருக்கிறது. உடைந்த வாளி, பழைய டிவியின் ஓடு, கம்ப்யூட்டர் கீபோர்டு என்று மூட்டை மூட்டையாக வந்து இறங்கும். நிறம் பார்த்தும் தட்டிச் சத்தம் கேட்டும் பிரித்துப் போடுவார்கள். போன மழைக்காலத்தின் தொடக்கத்தில் ஒரு காலை, செம்பூரில் என் வீட்டிலிருந்து அலுவலகத்துக்குக் கிளம்பிக்கொண்டிருந்தபோது அண்ணன் போன் செய்தார்.

“கீபோர்டு ஒண்ணு வந்திருக்கு. சும்மா கீபோர்டு மாதிரி இல்ல, கனமா இருக்கு. உள்ள என்னமோ வச்சிருக்கான். நீ பாக்கியா, ஒடைச்சிரவா?”

படம் அனுப்பச் சொன்னேன். படம் வந்ததும் செருப்பைக் கழற்றிவிட்டு மறுபடியும் உட்கார்ந்துகொண்டேன். மாட்டுங்காவில் நான் படித்த பள்ளிக்கூடத்தில் இருந்த அதே ரக மெஷின். கீபோர்டுக்குள்ளேயே முழுக் கம்ப்யூட்டரும் அடங்கியிருக்கும். டிவியோடு இணைத்து, டேப் ரிக்கார்டரிலிருந்து புரோகிராமை ஏற்ற வேண்டும்.

எங்கள் பத்தாம் வகுப்பில் நாற்பது பெண்களுக்கு அந்த மெஷின் ஒன்றுதான். வாரம் ஒரு பீரியட், செருப்பை வாசலில் விட்டுவிட்டு உள்ளே போக வேண்டும். என் முறை வந்து, எழுத்துகளைத் தேடித் தேடி ஒரு வரி அடிப்பதற்குள் அடுத்தவள் தோளைத் தட்டுவாள். அதனால் நான் வீட்டிலேயே நோட்டில் புரோகிராம் எழுதத் தொடங்கினேன். அதுவும் அசெம்பிளியில். இந்த எண்ணை எடு, அங்கே வை, ஒன்றைக் கூட்டு என்று மெஷினின் மூளையோடு நேரடியாகப் பேசும் மொழி அது. நூலகத்தில் கிடைத்த ஒரு புத்தகத்தைப் பார்த்து நானாகக் கற்றுக்கொண்டேன். கம்ப்யூட்டர் சாரிடம் காட்டியபோது, தனக்கே அது தெரியாது என்று சிரித்தார். பரீட்சை வந்தது, பள்ளிக்கூடம் முடிந்தது. நோட்டில் இருந்த எதையும் மெஷினில் ஓட்டிப் பார்த்ததே இல்லை.

பட்டறைக்கு வந்த மெஷினை எனக்குக் கொண்டுவந்து கொடுத்தவர் மதினி, அண்ணன் மனைவி. நாங்கள் வளர்ந்த தாராவி வீட்டில் மேல்மாடி எடுத்துக்கொண்டிருந்தார்கள். சிமெண்டுத் தூசி அவருக்கு ஆகாது, இருமல் நிற்காது. ஒரு வாரம் என்னோடு இருக்கட்டும் என்று அண்ணன் அனுப்பிவைத்தார். நானும் அலுவலகத்தில் சேர்ந்து கிடந்த லீவில் ஒரு வாரத்தை எடுத்துக்கொண்டேன். மகள் ஹாஸ்டலில் இருக்கிறாள். கணவர் காலை ஏழு மணிக்குப் போனால் இரவுச் சாப்பாட்டுக்குத்தான் வருவார். மதினி ஒரு கையில் துணிப் பை, மறு கையில் டவலில் சுற்றிய மெஷினோடு ஆட்டோவிலிருந்து இறங்கினார். பைக்குள் என் பழைய நோட்டும் இருந்தது. மாடி வேலைக்காக வீட்டை ஒழித்தபோது மேல் பலகையில் கிடந்ததாம்.

அண்ணன் ஏற்கெனவே மெஷினைத் துடைத்து, பக்கத்துக் கடையில் பொருத்தமான அடாப்டரும் போட்டுக் கொடுத்திருந்தார். டிவியின் ஆன்டெனா துளையில் வயரைச் சொருகி, சேனலைத் தேடித் தேடி நிறுத்தியபோது, வெள்ளைத் திரையும் மூலையில் ஒரு வரி ஆங்கிலமும் வந்தது. இத்தனை வருஷம் கழித்தும் அது விழித்துக்கொண்டதை நம்பாமல் ஒவ்வொரு பட்டனாக அழுத்திப் பார்த்தேன். மதினி, இவ்வளவுதானா என்று கேட்டுவிட்டு வெங்காயம் உரிக்கப் போனார்.

நோட்டில் இருந்த கடைசிப் புரோகிராமை ஓட்டிவிடுவது என்று முடிவு செய்தேன். எழுபது வரி. திரையில் தமிழ் எழுத்து ஒன்றை வரைவதுதான் அதன் வேலை. அந்த மெஷினில் ஒரு எழுத்து என்பது எட்டுக்கு எட்டுக் கட்டம். முதலில் ‘அ’ போட முயன்று, சுழி அடங்காமல் கோடு போட்டு அடித்திருந்தேன். பிறகு ‘ட’ போட்டிருந்தேன். ஒரு நேர்கோடு, கீழே ஒரு படுக்கைக்கோடு, முடிந்தது.

இன்றைக்கு யாரும் அந்த மெஷினின் ரப்பர் பட்டன்களில் எழுபது வரி அடிக்க மாட்டார்கள். லேப்டாப்பில், எழுதித் திருத்துவதற்கான எடிட்டர் மென்பொருளில் எழுதி, அசெம்பிளர் என்ற புரோகிராமிடம் கொடுத்தால், அது மெஷினுக்குப் புரியும் எண்களாக மாற்றித் தரும். அலுவலகத்தில் நான் தினமும் அதே எடிட்டரில்தான் சரக்குப் பட்டியல்களைச் சரிசெய்கிறேன். அரை நாள் வேலை என்று நினைத்தேன்.

முதல் நாள் எடிட்டருக்கு மொழியே புரியவில்லை. கட்டளைகளுக்கு ஒரு நிறம், எண்களுக்கு ஒரு நிறம் என்று காட்ட வேண்டிய திரை, கண்ட இடத்தில் சிவப்பு அடிக்கோடு போட்டது. வேறொரு வகை மெஷினின் அசெம்பிளிக்கான துணைக்கருவியை நான் போட்டிருந்தேன். கோப்புப் பெயரின் கடைசி மூன்று எழுத்தும் இரண்டுக்கும் ஒன்று என்பதால் அது முந்திக்கொண்டு வந்து நின்றது. அதை எடுத்துவிட்டுச் சரியானதைப் போட்டதும் நிறங்கள் ஒழுங்காக வந்தன.

அடுத்தது, ஒரு பட்டனை அழுத்தினால் அசெம்பிளர் ஓடும்படி செய்வது. அழுத்தினேன். கோப்பைக் காணவில்லை என்றது. கோப்பு என் கண்ணெதிரே இருக்கிறது. மூன்று தடவை பாதையை அடித்துப் பார்த்தேன். மதியம் சாப்பிட்டுவிட்டு வந்து பார்க்கும்போதுதான் உறைத்தது. ஆசையாக அந்த ஃபோல்டருக்கு ‘பழைய பெட்டி’ என்று தமிழில் பெயர் வைத்திருந்தேன். எடிட்டருக்குத் தமிழ் தெரியும். அசெம்பிளரோ ஆங்கில எழுத்தைத் தவிர வேறொன்றும் அறியாதது. பெயரை ஆங்கில எழுத்தில் மாற்றியதும் கோப்பைக் கண்டுபிடித்துவிட்டது. தமிழ் எழுத்து வரையப் போகும் புரோகிராமை ஆங்கிலப் பெயருள்ள ஃபோல்டரில் வைக்க வேண்டியிருந்தது எனக்குக் கொஞ்சம் வருத்தம்தான்.

கோப்பைக் கண்டுபிடித்த அசெம்பிளர் அதைப் படித்துவிட்டு அறுபத்தோரு பிழைகளைக் காட்டியது.

எழுபது வரியில் அறுபத்தொன்று. ஒரே பெயரைத் திரும்பத் திரும்ப வைத்திருக்கிறாய் என்று சில வரிகளுக்குச் சொன்னது. இந்தக் கட்டளையே எனக்குத் தெரியாது என்று மற்ற வரிகளுக்குச் சொன்னது. புத்தகத்தில் உள்ள கட்டளைகள்தான், எழுத்துப் பிழையும் இல்லை. அசெம்பிளரின் வேறு பதிப்பை இறக்கிப் பார்த்தேன். அதுவும் அறுபத்தொன்று. இப்படிப் பழைய மெஷின்களோடு மல்லுக்கட்டுபவர்கள் கூடும் ஓர் இணையக் குழுவில் என் எழுபது வரியையும் போட்டு உதவி கேட்டேன். எங்கோ தொலைதூர நாட்டிலிருந்து ஒருவர், தன்னிடம் ஒரு பிழையும் இல்லாமல் ஓடுகிறது என்று மரியாதையாகப் பதில் போட்டார். அதைப் படித்தபோது வந்த எரிச்சல் அந்தப் பிழைகளைப் பார்த்துக்கூட வந்ததில்லை.

மூன்றாம் நாள் காலை நல்ல மழை. நான் லேப்டாப்பை முறைத்துக்கொண்டிருந்தேன். மதினி டீ கொண்டுவந்து வைத்துவிட்டுப் பக்கத்தில் நாற்காலி போட்டு உட்கார்ந்தார்.

மதினியைப் பற்றிச் சொல்ல வேண்டும். திருநெல்வேலிப் பக்கத்திலிருந்து கல்யாணமாகித் தாராவிக்கு வந்தவர். இருபது வருஷத்துக்கு மேல் ஒரு தையல் பட்டறையில் செக்கிங் வேலை பார்க்கிறார். தைத்து முடித்த சட்டைகளை சாம்பிள் சட்டையோடு வைத்துப் பார்த்து, தையல் எங்கே விலகியிருக்கிறது, பட்டன் எங்கே அரை விரல் தள்ளிப் போயிருக்கிறது என்று பிடிப்பது அவர் வேலை. எங்கள் வீட்டுத் திரைச்சீலையின் மடிப்பு ஒரு பக்கம் ஏறியிருப்பதை வந்த அன்றே சொல்லிவிட்டார்.

மெஷின் பந்த் ஆகி நின்றுவிட்டதா என்று கேட்டார். மெஷின் நன்றாக இருக்கிறது, எழுதியதுதான் எங்கோ தப்பு, எங்கே என்று தெரியவில்லை என்றேன். நோட்டைக் கேட்டு வாங்கி, திரைக்குப் பக்கத்தில் தூக்கிப் பிடித்தார். ஒரு வார்த்தை புரியாது அவருக்கு. ஆனால் விரலை வைத்து வரி வரியாக இறங்கினார். மூன்றாவது வரியிலேயே நின்றார்.

“ஏட்டி, நோட்டுல கோட்டுக்கு இந்தப் பக்கம் கொஞ்சம், அந்தப் பக்கம் கொஞ்சம்னு எடம் விட்டு எழுதியிருக்கல்லா? இங்கன எல்லாம் ஓரத்துல ஒட்டிக்கிட்டுல்லா கெடக்கு.”

“அது ஒண்ணும் இல்ல மதினி. நான் எடம் விட்டுத்தான் அடிச்சேன். சேவ் பண்ணும்போது அதுவே இழுத்து நேராக்கிடும். பாக்க நீட்டா இருக்கும்.”

“நீட்டா இருக்கணும்னு யாரு கேட்டா? சாம்பிள் எப்படி இருக்கோ அப்படித்தான தைச்சு வர்ற மாலும் இருக்கணும்.”

நான் நோட்டைப் பார்த்தேன். ரூல் போட்ட நோட்டின் சிவப்பு மார்ஜினுக்கு இடப்புறம் சில பெயர்கள் மட்டும் இருந்தன. கட்டளைகள் எல்லாம் வலப்புறம். பதினைந்து வயதில் அந்த நூலகப் புத்தகத்தைப் பார்த்து அப்படியே எழுதியிருந்தேன், காரணம் கேட்காமல். காரணம் இதுதான்: பழைய அசெம்பிளர் வரியின் முதல் எழுத்திலேயே தொடங்குவதைப் பெயர் என்று எடுத்துக்கொள்ளும். கொஞ்சம் இடம் விட்டுத் தொடங்கினால்தான் கட்டளை. என் கட்டளைகள் எல்லாம் ஓரத்தில் ஒட்டிக்கொண்டதால், ஒவ்வொன்றையும் அது ஒரு பெயராக நினைத்திருக்கிறது. அதனால்தான் ஒரே பெயரைத் திரும்ப வைக்கிறாய் என்று புலம்பியிருக்கிறது; அதற்கு அடுத்து நின்றதைக் கட்டளை என்று படித்து, தெரியாது என்றும் சொல்லியிருக்கிறது.

இழுத்து ஓரத்தில் ஒட்டியது வேறு யாருமில்லை, நான்தான். சரக்குப் பட்டியல்கள் எங்கள் அலுவலகத்துக்கு முன்னும் பின்னும் வெற்றிடத்தோடு தாறுமாறாக வரும். சேவ் செய்யும்போதே அவற்றை வெட்டிவிடும்படி போன வருஷம் எடிட்டரில் நானே ஏற்பாடு செய்து வைத்திருந்தேன். தொலைதூர நாட்டுக்காரரின் எடிட்டர் அதற்கு நேர்மாறாக, நான் போட்ட வரிகளைத் தானாகவே உள்ளே தள்ளிச் சரியாக்கியிருக்கும். அவருக்கு ஓடாமல் என்ன செய்யும்.

அந்த ஃபோல்டருக்கு மட்டும் வெட்டும் ஏற்பாட்டை நிறுத்தினேன். எழுபது வரியையும் நோட்டில் இருந்தபடி இடம் விட்டு மறுபடியும் அடித்தேன். மதினி பக்கத்தில் இருந்து ஒவ்வொரு வரியும் சாம்பிளோடு ஒத்துப்போகிறதா என்று பார்த்துத் தலையசைத்தார். பட்டனை அழுத்தினேன். பிழை எதுவும் இல்லை. நான் மதினியின் கையைப் பிடித்துக்கொண்டேன். இதற்குப் போய் இப்படியா என்பது போல அவர் என்னைப் பார்த்தார். ஆனால் கையை எடுக்கவில்லை.

அசெம்பிளர் தந்த எண்களை டேப் சத்தமாக மாற்றி, லேப்டாப்பிலிருந்து மெஷினுக்கு அனுப்ப வேண்டும். மழை விட்டதும் இருவரும் குடை எடுத்துக்கொண்டு செம்பூர் ஸ்டேஷன் பக்கம் போய் அதற்கான வயர் வாங்கிவந்தோம். வயரைச் சொருக மறந்து முதலில் நான் ஓட்டியபோது, லேப்டாப் ஸ்பீக்கர் தகரத்தைக் கீறுவது போலக் கத்தியது. மதினி முந்தானையால் காதைப் பொத்திக்கொண்டார். எதிர்வீட்டு மராத்திக்கார அம்மா கதவைத் தட்டி, மிக்ஸி கெட்டுவிட்டதா என்று விசாரித்துவிட்டுப் போனார். வயரைச் சொருகிச் சத்தத்தைப் பாதி வைத்தபோது ஒன்றும் நடக்கவில்லை. முழுவதும் வைத்தபோது டிவித் திரையின் ஓரங்களில் நீலமும் மஞ்சளுமாகக் கோடுகள் ஓடின. கோடுகள் நின்றன. திரையின் நடுவில் எழுத்து வந்தது.

“இது என்ன எழுத்து?” என்றார் மதினி.

‘ட’தான், ஆனால் கண்ணாடியில் பார்ப்பது போல இடம் வலம் மாறி நின்றது. நிற்க வேண்டிய கோடு வலது ஓரத்தில் நின்றுகொண்டிருந்தது. நோட்டைப் பார்த்ததும் புரிந்துவிட்டது. எழுத்தின் எட்டு வரிசைக்கும் எட்டு எண்கள்; வரிசையில் ஒவ்வொரு கட்டத்துக்கும் ஒரு மதிப்பு உண்டு, ஒன்று, இரண்டு, நான்கு என்று நூற்றிருபத்தெட்டு வரை. நான் இடப்பக்கத்திலிருந்து எண்ணத் தொடங்கியிருந்தேன். ஆனால் ஒன்றாம் இடம் வலது கோடியில்தான். முதல் ஏழு எண்களும் நூற்றிருபத்தெட்டாக இருந்திருக்க வேண்டும், நான் ஒன்று என்று போட்டிருந்தேன். நோட்டில் இதை எழுதிய அந்தப் பதினைந்து வயதுப் பெண் ஒரு நிமிடத்துக்கு மேல் மெஷின் முன்னால் உட்கார முடிந்திருந்தால் அன்றைக்கே கண்டுபிடித்திருப்பாள். எனக்குச் சிரிப்பு வந்தது. வாய்விட்டுச் சிரித்தேன். எடிட்டரின் குற்றம், அசெம்பிளரின் குற்றம் என்று மூன்று நாள் அலைந்த பிறகு, முழுக்க முழுக்க அவளுடையதாக ஒரு தப்பு கிடைத்ததில் ஒரு சந்தோஷம்.

எண்களை மாற்றி மறுபடியும் ஏற்றினேன். ‘ட’ நேராக நின்றது. மதினி பக்கத்தில் போய்ப் பார்த்து, படுக்கைக்கோடு பாஸ் என்றார்.

அதோடு முடிந்திருக்கும். மறுநாள் காலை நான் குளித்துவிட்டு வந்தபோது, மதினி மகளின் பழைய கிராஃப் நோட்டில் பென்சிலால் கட்டம் நிரப்பிக்கொண்டிருந்தார். ‘ப’ சுலபமாக வந்துவிட்டது, ‘ம’வும் வந்துவிட்டது என்று காட்டினார். மிச்சம் இருந்த நாட்களில் சமையலை எளிதாக முடித்துக்கொண்டு அதிலேயே உட்கார்ந்தோம். அவர் கட்டம் போடுவார், நான் எண்ணாக மாற்றி அடிப்பேன், திரையில் வந்ததை அவர் கிராஃப் நோட்டோடு வைத்து ஒப்பிடுவார். ‘க’வுக்குச் சுழியை மூன்று தடவை மாற்றினார். ‘ண’ எட்டுக் கட்டத்தில் அடங்காது, பதினாறு வேண்டும் என்று நான் சொன்னதை அவர் ஏற்கவில்லை. ஒரு மதியம் முழுக்க அழித்து அழித்துப் போட்டு, ஒரு சுழியை விழுங்கினாலும் படிக்க முடியும்படி கொண்டுவந்துவிட்டார். அதையும் எண்ணாக மாற்றி அடித்தேன்.

ஞாயிற்றுக்கிழமை மாலை அண்ணன் அவரைக் கூட்டிப்போக வந்தார். தளம் போட்டாகிவிட்டது, தூசி இல்லை என்றார். டிவியில் வரிசையாக நின்ற எழுத்துகளைப் பார்த்துவிட்டு, தான் அனுப்பிய கீபோர்டா இதைச் செய்கிறது என்று இரண்டு தடவை கேட்டார். பிறகு சோபாவில் உட்கார்ந்து, கிரிக்கெட் போடலாமா என்று மெதுவாகக் கேட்டார்.

மதினி திரும்பிப் பார்க்கவில்லை. பென்சிலைக் காதில் சொருகிக்கொண்டு, ஒரு பத்து நிமிஷம் இருங்க, ‘ழ’ இன்னும் முடியல என்றார். நான் அண்ணனுக்கு டீ போட எழுந்தேன்.