பந்து என் கைக்கு வந்தபோது

செம்பரம்பாக்கம் பக்கம் ஒரு குடோனில் பெருக்கும் வேலை பார்த்தேன். புதிதாகச் சேர்ந்த பெண்களுக்கு ஒரு நாள் விளையாட்டு வைத்துப் பயிற்சி கொடுத்தார்கள்.

"ஆயா, ஒரு ஆள் கொறையுது, வந்து நில்லுங்க" என்று பயிற்சி மேடம் கூப்பிட்டார். கூச்சத்தோடு வட்டத்தில் நின்றேன். பந்து யார் கைக்கு வருகிறதோ, அவர் தன் பயத்தைச் சொல்ல வேண்டும்.

"இங்க பேசுறது வெளிய போகாது. ஒருத்தரையொருத்தர் நம்பத்தான் இந்த கேம்" என்றார் மேடம்.

முதலில் பிடித்த பெண், "பல்லின்னா பயம் மேடம்" என்றாள். எல்லோரும் சிரித்தோம்.

அடுத்து பந்து என்னிடம் வந்தது. என் பயத்தை அதுவரை யாரும் கேட்டதில்லை.

"வலது கண்ணு மங்கலா கீது மேடம். தெரிஞ்சா வேலய விட்டு நிறுத்திடுவாங்களோன்னு பயம்" என்று சொல்லிவிட்டேன். மேடம் என் தோளைத் தட்டிக்கொடுத்தார்.

மறுநாள் சூப்பர்வைசர் கூப்பிட்டார். "இன்னா ஆயா, கண்ணு தெரியலயாமே? வண்டி ஓடுற எடம். நாளைலேர்ந்து வராத."

"யாரு சார் சொன்னது?"

"மேடம்தான் எழுதிக் குடுத்துட்டுப் போனாங்க."

முதலில் பந்து பிடித்த அந்தப் பெண் என் பையைத் தூக்கிக்கொண்டு கேட் வரை வந்தாள். "எனக்குப் பல்லின்னா பயமே இல்ல ஆயா" என்றாள் மெதுவாக.

வேலை போனது ஆறிவிட்டது. மேடம் தோளைத் தட்டிக்கொடுத்ததுதான் இன்னும் ஆறவில்லை.