புள்ளிக் கோட்டைத் தாண்டி வந்த சம்பந்தி

ஞாயிற்றுக்கிழமை காலை எட்டரை மணிக்கு மேற்குத் தாம்பரத்தில் ஒரு லாட்ஜ் வாசலில் என் பயணம் தொடங்கியது. போக வேண்டிய இடம் கூடுவாஞ்சேரி. மின்சார ரயிலில் அரை மணி நேரம், டிக்கெட் ஐந்து ரூபாய். இதற்கெல்லாம் ஒரு பயணக் கட்டுரையா என்று சிரிப்பவர்களுக்கு ஒரு தகவல்: என்னோடு வந்தவர் அருணாசலப் பிரதேசத்தில் திராங் என்னும் மலையூரிலிருந்து கிளம்பியவர். ஒரு நாள் முழுக்க மலைப்பாதையில் ஜீப், பிறகு குவாஹாட்டியிலிருந்து விமானம். மிச்சமிருந்த பதின்மூன்று கிலோமீட்டருக்கு நான் துணை.

அவர் பெமாவின் அப்பா. பெமா காட்டாங்குளத்தூருக்குப் படிக்க வந்தவள். கூடப் படித்த என் சித்தி மகன் முரளியைக் கல்யாணம் செய்துகொள்ளப் போகிறவள். வியாழக்கிழமை வரை அதை உறுதியாகச் சொல்லிக்கொண்டிருந்தோம். அன்றைக்குத்தான் மெல்போர்னில் இருக்கும் முரளியின் அண்ணன் தினேஷ், தன் போனில் தெரிந்த வரைபடத்தைப் படம் பிடித்துச் சித்திக்கு அனுப்பினான். அதில் பெமாவின் மாநிலத்தைச் சுற்றிய எல்லைக்கோடு முழுசாக இல்லை. புள்ளி புள்ளியாக இருந்தது. தகராறான இடம், யோசித்துச் செய் என்று கீழே ஒரு வரி. சித்தி யோசித்தார். நிச்சயத் தட்டு மாற்றுவதாக இருந்த நாளை, சும்மா பார்த்துப் பேசும் நாளாக மாற்றிவிட்டார். சித்தப்பாவுக்கு இதில் வேறு கருத்து இருந்தது. அந்த வீட்டில் அவர் கருத்தை யாரும் கேட்பதில்லை.

என்னைக் கூப்பிட்டது என் அரைகுறை இந்திக்காக மட்டுமல்ல. துரைப்பாக்கத்தில் வரைபடம் தயாரிக்கும் ஒரு கம்பெனியில் எல்லைக்கோடுகளைச் சரிபார்ப்பது என் வேலை. "கோடு போடுறவளே நீதானேடி, நீயே வந்து சொல்லு" என்றார் சித்தி, உலகத்துத் தகராறு எல்லாம் நான் கிளப்பிவிட்டது போல.

ரயிலில் ஜன்னலோரம் இடம் கிடைத்தது. பெருங்களத்தூர் தாண்டியதும் அவர் என் வேலையைப் பற்றிக் கேட்டார். மறைப்பானேன் என்று சொல்லிவிட்டேன். இந்தியாவிலிருந்து பார்த்தால் இந்தியச் சட்டப்படி முழுக்கோடு. எல்லைக்கு அந்தப் பக்கம் போய்ப் பார்த்தால் அவர்கள் சட்டப்படி வேறு கோடு. சம்பந்தமில்லாத மூன்றாவது நாட்டிலிருந்து பார்த்தால் பெரும்பாலும் புள்ளிக்கோடு. யார் சொல்வது சரி என்று எங்களைப் போன்ற கம்பெனிகள் தீர்ப்புச் சொல்வதில்லை. எந்த ஊரில் கடை விரிக்கிறோமோ அந்த ஊர்ச் சட்டம். தன் வீடு எங்கே இருக்கிறது என்று கேட்டார். அவர் போனிலேயே காட்டினேன். முழுக்கோட்டுக்குள் பத்திரமாக இருந்தது. தினேஷ் அனுப்பிய படத்தைக் காட்ட எனக்கு வெட்கமாக இருந்தது. நல்லவேளையாக வண்டலூர் வந்தது. மிருகக்காட்சி சாலையைப் பற்றிப் பேச ஆரம்பித்தேன்.

ஒன்பதேகாலுக்குக் கூடுவாஞ்சேரி. ஸ்டேஷன் வாசலில் முழம் முப்பது ரூபாய்க்கு மல்லிகை விற்ற அம்மாவிடம் அவர் கையாலேயே அளந்து காட்டி நான்கு முழம் வாங்கினார். நிச்சயமே இல்லாத வீட்டுக்குப் பூவோடு போகிறார். ஆட்டோவுக்கு நூறு ரூபாய் பேசினேன். சித்தி வீட்டுத் தெருவை இரண்டு நகர்ச் சங்கங்கள் சொந்தம் கொண்டாடுகின்றன. முனையில் கலைவாணி நகர் என்று ஒரு பலகை. அதன் தோளை இடித்துக்கொண்டு செண்பகா அவென்யூ என்று இன்னொன்று. ஆட்டோக்காரர் வண்டியை நிறுத்திவிட்டுத் திரும்பினார்.

"போன்ல ஒண்ணு காட்டுது, இங்க ரெண்டு போர்டு கீது. எந்த நகர்லக்கா வுடணும்?"

நான் விஷயத்தை இந்தியில் சொன்னதும் பெமாவின் அப்பா இறங்கிப் போய், பலகைகள் இரண்டையும் ஒரே படத்தில் எடுத்துக்கொண்டார்.

வீட்டில் முரளியும் பெமாவும் முன்பே வந்து ஆளுக்கொரு மூலையில் உட்கார்ந்திருந்தார்கள். கேசரி வந்தது, வடை வந்தது. ரயிலில் சொன்னதையெல்லாம் சித்திக்கும் சொன்னேன். சித்தி ஒப்பவில்லை. நாளைக்கு எல்லை மாறினால் பேரப்பிள்ளைக்குப் பாஸ்போர்ட் யார் கொடுப்பார்கள் என்று கேட்டார். பெமா தலையை நிமிர்த்தவே இல்லை. சித்தி என் சாமர்த்தியத்தை நம்பாமல், தினேஷ் அனுப்பிய படத்தைத் திறந்து, போனை நேராகப் பெமாவின் அப்பாவிடமே நீட்டினார்.

அவர் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு பார்த்தார். பிறகு அவர் நிதானமாக ஏதோ சொல்லிச் சிரித்தார்.

"இன்னாடி சொல்றாரு?"

"புள்ளிக்குப் புள்ளி நடுவுல நல்லா எடம் விட்டிருக்காங்களாம் சித்தி. அந்த வழியாத்தான் வந்தாராம்."

முதலில் சிரித்தது சித்தப்பா. பெமாவின் அப்பா இப்போது தன் போனை நீட்டினார். இரண்டு பலகைகளின் படம். இதில் எது உங்கள் ஊர் என்று சித்தியைக் கேட்கச் சொன்னார்.

"ரெண்டும்தான். ரெண்டு பேரும் கோலப் போட்டிக்கு வா வான்னு வந்து நிப்பாங்க. ரெண்டுலயும் எனக்குத்தான் ஃபர்ஸ்ட் பிரைஸ்" என்று பெருமையாக ஆரம்பித்த சித்தி, பாதியில் நிறுத்தினார். என்னைப் பார்த்தார். படத்தைப் பார்த்தார். உள்ளே போனார். ஃப்ரிட்ஜ் திறக்கும் சத்தம் கேட்டது. திரும்பி வந்தபோது கையில் வெற்றிலை, பாக்கு, பழத்தோடு தட்டு இருந்தது. வியாழக்கிழமை மாற்றி வைத்த மனசு, தட்டை மட்டும் கலைக்க விடவில்லை போலும். மல்லிகைப் பூவைச் சித்தியே பெமாவின் தலையில் வைத்துவிட்டார். எனக்கு அழுகை வந்துவிட்டது.

அந்த நேரம் பார்த்துத் தினேஷின் வீடியோ அழைப்பு. சித்தி போனைத் தூரத்தில் பிடித்துக்கொண்டு பேசினார்.

"நீ அங்கேர்ந்து பார்த்தா புள்ளிதான்டா தெரியும். நான் இங்கேர்ந்து பார்க்கிறேன். கல்யாணம் இங்கதான் நடக்குது, லீவு போட்டு வந்து சேரு."

மாலை ஐந்து மணிக்கு ரயிலுக்குக் காத்திருந்தோம். நாளைக்கு நான் துரைப்பாக்கம் போய் அதே கோடுகளை மறுபடி பார்க்க வேண்டும். திராங் பக்கத்துக் கோட்டுக்கு வரும்போது சிரிக்காமல் வேலை செய்வது கஷ்டம். பெமாவின் அப்பா, அடுத்த முறை யார் துணையும் இல்லாமல் வருவதற்குச் சித்தி வீட்டைத் தன் போன் வரைபடத்தில் குறித்துத் தரச் சொன்னார். குறித்தேன். இடத்தின் பெயர் என்ன என்று போன் கேட்டது. கலைவாணி நகரா, செண்பகா அவென்யூவா என்று நான் விரலை வைத்துக்கொண்டு தயங்கினேன். அவர் போனை வாங்கி, இந்தியில் தட்டி, என்னிடம் காட்டினார்.

சம்பந்தி வீடு என்று இருந்தது.