பதினேழாம் எண் அச்சு

தண்டவாளத்துக்கு அடியில் போடும் ஸ்லீப்பர் கட்டைகளின் முனை பிளக்காமலிருக்க இரும்புப் பட்டை அடிப்பது அவள் வேலை. பட்டை அடித்த கட்டையில் தன் எண்ணான பதினேழையும் அச்சு வைத்துப் பதிக்க வேண்டும். பத்து வருஷம் கழித்துக் கட்டை அழுகினாலும், யார் கை பட்டது என்று அந்தப் பதினேழு காட்டிக்கொடுத்துவிடும்.

அந்த மழைக்காலத்தில் புது மேலாளராக வந்தவன் அவளுடைய கொழுந்தன். சொந்தக்காரன் கேட்டால் இளகிவிடுவாள் என்று நினைத்தவர்களுக்கு அவளைத் தெரியாது.

"அண்ணி, நாளைக்குக் கட்டை ஏத்த வண்டி வருது. இந்த அடுக்கை இன்னிக்கே எண்ணெய்த் தொட்டியில இறக்கிடலாம்."

"கட்டை இன்னும் ஈரமா இருக்கு. ஈரக்கட்டை எண்ணெய் குடிக்காது. உள்ளுக்குள்ளேயே அழுகிடும்."

"எண்ணெய் பட்டா வெளியே கறுப்பாத்தானே இருக்கும், யாருக்குத் தெரியப்போகுது? கண்டுக்காம நம்பரை அடிங்க."

அவள் அச்சை இடுப்பில் செருகிக்கொண்டு, ஒரு உளியையும் சுத்தியலையும் அவன் கையில் திணித்தாள்.

"உங்க பேரை வெட்டுங்க தம்பி. ஒவ்வொரு கட்டையிலயும் முழுப் பேரா வெட்டுங்க. இப்பவே இறக்கிடுறேன்."

அவன் உளியைப் பார்த்தான், கட்டையைப் பார்த்தான்.

மறுநாள் வந்த வண்டி காலியாகத் திரும்பியது.