மாமா எழுதித் தந்த காட்டெருமைப் பேச்சு

மாமா, நீங்கள் ஒன்பது வயதுப் பிள்ளையின் வாயால் செத்துப்போன ஐந்து மனிதர்களைக் கேலி செய்தீர்கள். அந்தப் பிள்ளை நான். அதற்கு எனக்கு ஒரு வெள்ளிக் கிண்ணமும் கிடைத்தது.

அப்போது நாங்கள் லாசால் என்ற பிரெஞ்சு பேசும் ஊரில் ஒரு அடுக்குமாடியில் மூன்றாம் மாடியில் இருந்தோம். அப்பா துறைமுகத்தில் லொறி ஓட்டினார். அம்மா தையல் தொழிற்சாலையில் வேலை. பள்ளிக்கூடம் விட்டு வந்தால் அம்மா வரும்வரை எதிர்வீட்டு மதாம்தான் என்னைப் பார்த்துக்கொள்வார். போலந்துக்காரி, எழுபது தாண்டிய விதவை. அவரும் நானும் பிரெஞ்சில் பேசிக்கொள்வோம். இரண்டு பேருக்குமே அது சொந்தப் பாஷை இல்லை. அதனால் இரண்டு பேரும் பிழை விடலாம்.

அவருடைய கணவர் போலந்தில் ஒரு பெரிய காட்டில் காட்டெருமைகளைக் காத்தவர். நம் ஊர் எருமை இல்லை. தாடியும் திமிலும் வைத்த, ஆள் உயரப் பழுப்பு மிருகம். அப்பா அதன் படத்தைப் பார்த்துவிட்டு, "உது எங்கட வன்னிக் காட்டுக் குழுமாட்டுக்குக் கம்பளி போர்த்தினமாதிரியெல்லோ கிடக்கு" என்றார். ஐரோப்பாக் காடுகளில் ஒன்றுகூட மிஞ்சாமல் அவற்றைச் சுட்டுத் தீர்த்துவிட்டார்கள். மிருகக்காட்சிச் சாலைகளில் தப்பிக் கிடந்த ஐம்பது சொச்சத்தை வைத்துத்தான் மறுபடி பெருக்கினார்கள். எது எதன் கன்று என்று தெரியாமல் போனால் உறவுக்குள்ளேயே சேர்ந்து கன்றுகள் நலிந்துவிடும். ஆகவே ஒவ்வொரு கன்றுக்கும் பெயர் வைத்துப் புத்தகத்தில் பதிந்தார்கள். ஓரிடத்தில் பிறந்த கன்றுகளுக்கெல்லாம் பெயர் ஒரே இரண்டு எழுத்தில் தொடங்க வேண்டும். மதாமின் காட்டுக்கு பி, ஓ. எனக்கும் ஒரு பெயர் சொல்லும்படி கேட்டார். நான் கடைச் சன்னலில் பார்த்த பூட்டின் என்ற கொழுப்புச் சாப்பாட்டைச் சொன்னேன். பிரெஞ்சில் எழுதினால் எழுத்துச் சரி, கொழுத்த கன்றாகப் பார்த்து வைக்கலாம் என்று சிரித்தார்.

சுவரில் ஒரு படம். பனியில் ஒரு வேலி, வேலியோடு ஐந்து ஆண்கள். வொய்த்தெக்கின் விலா எலும்பை ஒரு காளை முறித்தது. எழும்பி நடக்க முடிந்த அன்றே அதே காளைக்கு பீட்ரூட் கொண்டு போனார். யூசெஃப் யுத்த காலத்தில் வேலிப் படலைக்குக் குறுக்கே படுத்துக் கிடந்தார், பட்டாளக்காரர் இறைச்சிக்கு வந்தால் தன்னை மிதித்துக்கொண்டு போகட்டும் என்று. தாதெக் அந்தப் பெயர்ப் புத்தகத்தை எழுதியவர். ஸ்தஷெக் வைக்கோல் சுமந்தவர். கடைசி ஆள் ஃபிரானெக், மதாமின் கணவர்.

மிருகங்களின் பெயரெல்லாம் புத்தகத்தில் இருக்கிறது, இந்த ஐந்து பேரின் பெயரை எனக்குப் பிறகு யார் சொல்வார் என்று மதாம் ஒருநாள் கேட்டார். நான் சொல்கிறேன் என்றேன். மேடையில் சொல்வேன் என்று வாக்குக் கொடுத்தேன்.

மேடை என்றால் எங்கள் சனிக்கிழமைத் தமிழ்ப் பள்ளியின் பேச்சுப் போட்டி. அந்த வருடத் தலைப்பு, பிற உயிருக்காக வாழ்ந்தோர். பேச்சைப் பெரியவர்கள் எழுதுவார்கள். பிள்ளைகள் பாடமாக்கிக் கத்துவார்கள். வீட்டுத் தமிழ் எங்களுக்கு விளங்கும், மேடைத் தமிழில் ஒரு சொல்லும் விளங்காது. யாரும் அதை ஒரு குறையாக நினைக்கவில்லை. பாதிப் பிள்ளைகளுக்கு மாமாதான் எழுதுவார். ஆகவே யார் வென்றாலும் வென்றது மாமாதான்.

"மாடு மேய்ச்சவைக்கு ஒரு பேச்சோ, மருமோள்?" என்றார் மாமா.

"ஓம் மாமா. பேர் அஞ்சும் வரவேணும். மதாமுக்குச் சொல்லிப்போட்டன்."

"அஞ்சும் வரும். ஒண்டும் விடமாட்டன்."

ஊரில் யுத்தம் மறுபடி தொடங்கியிருந்த வருடம் அது. ஞாயிறு மத்தியானம் எங்கள் குசினி மேசையில் இருந்து எழுதினார். கொஞ்சம் எழுதினார், பிறகு ஒரே கோடாக இழுத்து வெட்டினார், தாளைத் திருப்பினார்.

"பிழையோ மாமா?"

"ஓம். பிழைச்சுப்போச்சு."

எழுந்து போய்க் குசினித் தொட்டியில் நெடுநேரம் முகம் கழுவினார். திரும்பி வந்து மற்றப் பக்கத்தில் நிறுத்தாமல் எழுதி முடித்தார்.

எனக்குத் தமிழ் எழுத்து ஓடாது. அம்மாதான் பேச்சைப் பிரெஞ்சு எழுத்தில் மாற்றி எழுதித் தருவார். பாதியில் அவருடைய பேனா நின்றது.

"அண்ணை, அந்த மனிசி முன்னுக்கு வந்து இருக்கப்போறா."

"இருக்கட்டும். அவவுக்கு விளங்கவே போகுது?"

"இவளுக்கு?"

"இவளுக்கும் விளங்காது. பாடமாக்கச் சொல்லு."

நான் பக்கத்தில்தான் நின்றேன். பேச்சு கஷ்டமானது என்கிறார்கள் என்று நினைத்தேன். இன்னும் பத்து நாள் கூடுதலாகப் பாடமாக்கினேன். ஒவ்வொரு பெயருக்கும் பிறகு சொல்ல வேண்டிய ஒரு வசனத்தையும், அதோடு கையை எப்படி வீச வேண்டும் என்றும் மாமாவே பழக்கினார்.

போட்டி ஒரு தேவாலயத்தின் நிலக்கீழ் மண்டபத்தில் நடந்தது. மதாம் தன் ஒரே நல்ல கோட்டைப் போட்டுக்கொண்டு, எங்களோடு பனிக்குள் பஸ் ஏறி வந்தார். கைப்பையில் அந்தப் படம். முன்வரிசையில் இருந்து அதை மடியில் நிமிர்த்தி வைத்துக்கொண்டார். ஐவரும் என்னைப் பார்த்தார்கள்.

தொடங்கினேன். முதல் பெயரைச் சொல்லிக் கையை வீசினேன். மண்டபம் சிரித்தது. பயந்துபோனேன். மாமா ஓரத்தில் நின்று, போ போ என்று தலையாட்டினார். இரண்டாவது பெயர். இன்னும் பெரிய சிரிப்பு. மூன்றாவது பெயர் வரவில்லை. முதல் மணி அடித்தார்கள். இரண்டாவது மணிக்குள் முடிக்காவிட்டால் போட்டியில் இல்லை. எனக்குக் கிண்ணம் முக்கியமில்லை, மூன்று பேர் மிச்சம் இருந்தார்கள். மதாமைப் பார்த்தேன். அவருடைய உதடு அசைந்தது. தாதெக். நான் தாதெக் என்று கத்தினேன். ஸ்தஷெக். ஃபிரானெக். ஒவ்வொரு பெயருக்கும் மண்டபம் விழுந்து விழுந்து சிரித்தது. இரண்டாவது மணிக்கு முன் முடித்துவிட்டேன்.

மதாம் எழுந்து நின்று கை தட்டினார். அழுதுகொண்டே தட்டினார். பஸ்ஸில் என் கையைப் பிடித்தபடி, உங்கள் ஆட்கள் நல்லவர்கள், எங்கள் ஊரில் இந்தப் பெயர்களைச் சொன்னால் யாரும் இவ்வளவு சந்தோஷப்படமாட்டார்கள் என்றார். அம்மா சன்னலுக்கு வெளியே பார்த்துக்கொண்டு வந்தார். மாமா எடுத்த வீடியோவில் ஒரு பிரதி கேட்டு வாங்கி, மதாம் அதைப் போலந்துக்கு அனுப்பினார். இரண்டு வருடத்தில் இறந்தும் போனார்.

நான் வளர்ந்த பிறகுதான் தமிழ் படித்தேன். அந்த வீடியோவைப் பார்க்க ஏனோ தோன்றவில்லை. இந்த வருடம் தாதெக்கின் பேத்தி எனக்கு எழுதினாள். அந்த ஐவரையும் நினைவுகூர ஒரு கூட்டம் வைக்கிறார்களாம். வீடியோவையும் அனுப்பியிருந்தாள். இந்தச் சின்னப் பிள்ளை எங்கள் தாத்தாவைப் பற்றி என்ன சொல்கிறாள், மொழிபெயர்த்துத் தருவீர்களா என்று கேட்டிருந்தாள்.

போட்டுப் பார்த்தேன். கையில் இல்லாத தடியைச் சுழற்றி மாடு விரட்டுகிறேன். என் குரல் கணீரென்று வருகிறது. "மாந்தர் மடிகையில் மாடுகளை எண்ணிய மாமேதைகள்!" ஒவ்வொரு பெயருக்கும் பிறகு, "வாழ்க அவர்தம் மேய்ப்பு!" முடிவில், "எம் மண்ணில் பிணங்களுக்கும் பெயரில்லை, இவர் மண்ணில் எருமைக்கும் பெயர்சூட்டு விழா!"

அவளுக்கு நான் இன்னும் பதில் எழுதவில்லை. மூன்று கிழமையாகிறது. கூட்டம் அடுத்த மாதம்.

நேற்று அம்மாவின் பெட்டியில் மாமாவின் அந்தத் தாளைத் தேடி எடுத்தேன். திருப்பினேன். வெட்டிய கோட்டுக்குக் கீழே பதினொரு பெயர்கள். எல்லாம் யுத்தத்தில் செத்த எங்கள் ஊர்ச் சனம். இரண்டாவது பெயர் உங்கள் தம்பி, சின்ன மாமாவுடையது. அம்மாவின் அலுமாரியில் படமாக இருப்பவர், யாரென்று நாங்கள் கேட்கக்கூடாதவர்.

நீங்கள் அன்று ஏன் அவ்வளவு நேரம் முகம் கழுவினீர்கள் என்று அந்தப் பிள்ளைக்கு விளங்கவில்லை, மாமா. இன்று விளங்குகிறது. ஆனால் மன்னிப்பு வரவில்லை. விலா முறிந்தவரும் படலையில் படுத்தவரும் உங்களுக்கு என்ன செய்தார்கள்? நான் ஐந்து பெயரைப் பாடமாக்கினேன். பதினொன்றைத் தந்திருந்தால் பதினாறையும் பாடமாக்கியிருப்பேன்.

இப்போது நீங்கள் அந்தப் பள்ளியின் தலைவர். இந்த வருடப் போட்டியிலும் நீங்கள்தான் தலைமை உரை. அதே மண்டபம், அதே மேடை. வீட்டுக்கு வந்து என்னிடம் தனியாகச் சொல்ல வேண்டாம், அம்மாவிடம் சொல்லி அனுப்பவும் வேண்டாம். அந்த மேடையில் ஏறி ஐந்து பெயரையும் தடி சுழற்றாமல் சொல்லுங்கள். பிறகு பதினொன்றையும் சொல்லுங்கள். ஏன் வெட்டினீர்கள் என்று எல்லோருக்கும் கேட்கிற மாதிரிச் சொல்லுங்கள். நான் முன்வரிசையில் இருப்பேன். எனக்கு இப்போது மேடைத் தமிழ் விளங்கும்.