பூங்கா வாசலில் போட்ட பெரட்டு

ஈப்போ சிலிபினில் இரண்டு மாடிக் கடைவீடு கட்டினேன். ஓட்டை லாரி ஒன்றை வாங்கி, அதன் அடியில் படுத்துப் படுத்தே மெக்கானிக் வேலை கற்றுக்கொண்டு, பிறகு என் வாசலில் லாரிகள் வரிசை கட்டி நிற்கிற அளவுக்கு வந்தேன். பிள்ளைகளைப் பட்டதாரி ஆக்கினேன். தோட்டத்துக் கோயிலைக் காலி செய்யச் சொன்னபோது சாமியை என் லாரியில் ஏற்றி வந்து, புது இடத்தில் கூரை போட்டு உட்கார வைத்தேன். இத்தனையும் தோட்டப் பள்ளியில் மூன்றாம் வகுப்போடு நின்றவன் செய்தது. கடன் கேட்டு முதல் தடவை போனபோது பேங்க்காரன் என்னை உட்காரக்கூடச் சொல்லவில்லை. பெருமைக்காகச் சொல்லவில்லை என்று எழுதினால் பொய்யாகிவிடும். பெருமைக்குத்தான் சொல்கிறேன்.

ஆனால் எல்லாவற்றையும்விடப் பெரிதாக நான் நினைப்பது ஒரு கூட்டத்தை. தீபாவளிக்கு முந்திய ஞாயிற்றுக்கிழமை ஈப்போ பூங்காவில் எங்கள் தோட்டத்து ஜனங்கள் கூடுவார்கள். தோட்டம் இப்போது இல்லை. ரப்பர்ப் பால்மரம் நின்ற இடத்தில் செம்பனை நிற்கிறது. ஆனாலும் சித்தியவானிலிருந்தும் தாப்பாவிலிருந்தும் சட்டி பானையோடு வந்துவிடுகிறார்கள். இந்த வருஷம் கூட்டத்துக்கு நினைவு மலர் போடுகிறார்கள். முதல் பக்கத்தை என் கைப்பேசிக்கு அனுப்பியிருந்தார்கள். நம்மை முதன்முதலில் பூங்காவுக்குள் அழைத்துப் போனவர் பெரிய கிராணி ஐயா என்று அதில் இருந்தது. தோட்டத்து ஆபீசில் கணக்குப் பார்த்த யாழ்ப்பாணத்துக்காரர். நல்ல மனிதர், இன்று உயிரோடு இல்லை. அவரைப் போட்டதில் எனக்கு வருத்தமில்லை. என்னைப் பற்றி ஒரு வரிகூட இல்லை, அதுதான் வருத்தம்.

அந்த நாளை நினைவு வைத்திருப்பவர்களில் மிச்சம் நானும் என் அக்காவும்தான். அக்காவைக் காரில் ஏற்றிக்கொண்டு பூங்காவுக்குப் போனேன், சாட்சிக்கு.

காலை வெயில் ஏறாத நேரம். குளத்தைச் சுற்றிச் சீனக் கிழவிகள் கையை மேலும் கீழும் ஆட்டி உடற்பயிற்சி செய்துகொண்டிருந்தார்கள். மழை மரங்கள் அப்படியே நிற்கின்றன, இடுப்புத்தான் பெருத்துவிட்டது. சறுக்கு மரம் புதுசு, பிளாஸ்டிக். நாங்கள் சறுக்கியது இரும்பு. மத்தியானத்தில் தொடையைச் சுட்டுவிடும். தூரத்தில் சுண்ணாம்பு மலைகள் மட்டும் யாருக்கும் தெரியாமல் கொஞ்சம் கொஞ்சமாகக் குறைந்துகொண்டு வருகிற மாதிரி எனக்குத் தோன்றும்.

அக்கா ஊன்றுகோலை வைத்துவிட்டு வாசல் பக்கத்துத் திட்டில் உட்கார்ந்தாள்.

"இங்கதான் நாம உட்கார்ந்தது. அந்தப் பெரிய கால்வா ஓரம்" என்றேன்.

"தெரியும்லா. உனக்கு முன்னாடி பொறந்தவ நான்."

அப்போதெல்லாம் வருஷத்துக்கு ஒரு தடவை, தீபாவளித் துணி எடுக்கத் தோட்டத்து லாரி எங்களை ஈப்போவுக்குக் கொண்டுவந்து இறக்கிவிடும். கடைகளில் ஏறி இறங்கி முடித்ததும் எல்லாரும் பூங்கா வாசலுக்கு வந்துவிடுவோம், லாரி அங்கேதான் திரும்பி வரும். அதுவரை கால்வாய் ஓரத்தில் தூக்குச்சட்டியைத் திறந்து புளிச்சோறு சாப்பிடுவோம். உள்ளே நிழல் கொட்டிக் கிடக்கும், குளம் மினுங்கும், ஒருத்தர்கூட உள்ளே காலெடுத்து வைக்கமாட்டார். யாரும் தடுக்கவில்லை. தடுக்க வேண்டிய அவசியமே இல்லாமல் இருந்தது. எங்களுக்குத் தெரிந்து வெட்டிவிட்ட புல் ஒரே இடத்தில்தான் உண்டு, துரை பங்களாவில். அதில் மாடு ஏறினால்கூடக் குற்றம். ஆகவே வெட்டின புல்லைக் கண்டால் எங்கள் ஆட்களின் கால் தானாக நின்றுவிடும். வெயிலில் உட்கார்ந்து நிழலைப் பார்த்துக்கொண்டு சாப்பிட்ட ஜனம் எங்கள் ஜனம்.

பெரிய கிராணி மட்டும் பெண்டாட்டி பிள்ளைகளோடு உள்ளே பெஞ்சில் இருப்பார், காலில் சப்பாத்தோடு.

ஒரு வருஷம், சின்னப் பையனாக இருந்த எனக்குக் குளத்து மீனைப் பார்க்க வேண்டும் போலிருந்தது. அப்பாவைக் கேட்டேன். "அது பெரிய மனுசங்க எடம்டா, வாய மூடிக்கிட்டுத் தின்னு" என்றார். நான் நேரே வாசலில் இருந்த ஜாகாவிடம் போனேன். மலாய்க்காரப் பெரியவர், ஸ்டூலில் உட்கார்ந்து காவல் பார்த்துக்கொண்டிருந்தார். "போலே மாசோக்?" என்றேன், உள்ளே போகலாமா என்று. அவருக்குச் சிரிப்பு வந்துவிட்டது. "போலே லா. செமுவா போலே." எல்லாருமே போகலாமாம். ஓடி வந்து சொன்னேன். ஒருத்தரும் நம்பவில்லை. "ஜாகா தமாஷ் பண்றாரு" என்று ஒரு கிழவர் முடித்துவிட்டார்.

அப்போதுதான் எனக்கு அந்த யோசனை வந்தது. தோட்டத்தில் விடிவதற்கு முன் தண்டவாளத் துண்டைத் தட்டுவார்கள். அதுதான் பெரட்டுக்கு அழைப்பு. அந்தச் சத்தம் கேட்டால் காய்ச்சல்காரன்கூட எழுந்து வரிசையில் போய் நிற்பான். கங்காணி பேர் கூப்பிட்டு, எந்த மலையில், அதாவது எந்த மரக்காட்டில், அன்றைக்கு வேலை என்று சொல்வார். நான் தூக்குச்சட்டி மூடியை எடுத்து, வாசலில் நின்று, கல்லால் அதே தாளத்தில் தட்டினேன். கங்காணி குரலில், "பெரட்டு, பெரட்டு, ஆம்பள ஒரு பக்கம், பொம்பள ஒரு பக்கம், புது மலைக்கு இன்னிக்கு மீன் பாக்கப் போவணும்" என்று கூவினேன்.

"எல்லாரும் எந்திரிச்சு உள்ள வந்தாங்க. நாந்தான் கூட்டிக்கிட்டுப் போனேன்" என்றேன் அக்காவிடம்.

அக்கா வெற்றிலை இல்லாத வாயை மென்றாள். "பாதி சரி."

"எந்தப் பாதி?"

"எந்திரிச்சது சரி. சிரிச்சுக்கிட்டே எந்திரிச்சாங்க, உள்ள வரல. வாசல்கிட்ட வரிசையா நின்னாங்க. நெசமாவே ஆம்பள ஒரு பக்கம், பொம்பள ஒரு பக்கம். அப்பா உன்னை அடிக்கக் கைய ஓங்கிட்டாரு. அதுக்குள்ள கிராணி வந்துட்டாரு."

எனக்கு அது மறந்தே போயிருந்தது. அவள் சொல்லச் சொல்லத் திரும்பி வந்தது. கிராணி வேகமாக வந்தார், திட்டத்தான் வருகிறார் என்று எல்லாரும் தலைத்துண்டை இடுப்புக்கு இறக்கினார்கள். அவர் வரிசையைப் பார்த்தார். பிறகு அப்பாவிடம், "ஏன் வெளியில நிக்கிறியள்? இது எல்லாருக்கும் உள்ள இடம். உள்ளுக்கு வாங்கோ" என்றார்.

"போட்டார் பாரு, 'வாங்கோ'ன்னு. அப்பாவ யாரு அப்படிக் கூப்பிட்டிருக்கா" என்றாள் அக்கா.

அப்பா உள்ளே போனார். கிராணி நகர்ந்து இடம் விட்டும் பெஞ்சில் உட்காரவில்லை, பக்கத்தில் தரையில் உட்கார்ந்தார். பால் கறை ஏறிய கையால் புல்லை ஒரு தடவை தடவிப் பார்த்துவிட்டு, அம்மாவிடம் சோற்றைக் கேட்டார். கிராணியும் பெஞ்சை விட்டு இறங்கிக் கீழே உட்கார்ந்துவிட்டார். நான் மீனைப் பார்க்கப் போய்விட்டேன்.

"அப்ப மலர்ல போட்டது சரிதானேலா?" என்றாள் அக்கா.

"சரிதான். ஆனா அவரு பல வருஷமா அதே பெஞ்சுல உட்கார்ந்து நம்மள பாத்துக்கிட்டுத்தான் இருந்தாரு. அன்னிக்கு ஏன் எந்திரிச்சாரு?"

அக்கா யோசித்தாள். "நீ தட்டின சத்தத்துலதான். நாய் சட்டிய உருட்டுதுன்னு நெனச்சிருப்பாரு."

"என்னத்த வேணா நெனச்சிட்டுப் போகட்டும். எந்திரிச்சாரு இல்ல?"

"எந்திரிச்சாரு."

அது போதும் எனக்கு. தோட்டத்தைத் துண்டு போட்டு விற்றதும் ஜனங்கள் திசைக்கு ஒன்றாகப் போனார்கள். வருஷா வருஷம் என் லாரியில் அவர்களை அள்ளிக்கொண்டு வந்து அதே புல்லில் இறக்கியதும் நான்தான். அதற்கு அக்கா சாட்சிகூட வேண்டாம், ஏறி வந்தவர்களே இருக்கிறார்கள்.

மலர் போடுகிற தம்பிமார்களே, கிராணி ஐயாவின் வரியை எடுக்க வேண்டாம். அவர் கூப்பிடாவிட்டால் என் அப்பா அந்த வாசலிலேயே நின்றிருப்பார். ஆனால் அந்த வரிக்கு மேலே ஒரு வரி சேருங்கள்: வாசலில் பெரட்டுப் போட்டு ஜனங்களை எழுப்பி நிறுத்தியவன் நான். அச்சுக்குக் கொடுக்கும் முன் சேருங்கள். எழுத்து சின்னதாக இருந்தாலும் பரவாயில்லை, முதல் பக்கத்திலேயே இருக்க வேண்டும்.