தொட்டியில் விழுந்த ஏசுபாதம்

பெங்களூர் ஆஸ்டின் டவுன் பிளம்பர் ஏசுபாதம் பெயரளவில்தான் கிறிஸ்தவர். குழாய் ஒழுகினால் மட்டுமே சர்ச்சுக்குப் போவார். அந்த ஞாயிற்றுக்கிழமை ஞானஸ்நானத் தொட்டியில் தண்ணீர் நிற்காமல் வழிய, ஆராதனை நடுவிலேயே அவரைக் கூப்பிட்டார்கள். தொட்டிக்குள் நின்ற பாஸ்டர் "பிதா, குமாரன்" என்று ஜெபத்தைத் தொடங்கவும், விளிம்பில் குனிந்திருந்த ஏசுபாதம் வழுக்கித் தலைகுப்புற உள்ளே விழவும் சரியாக இருந்தது. அவர் எழுந்தபோது சபையே கைதட்டியது.

"இந்த ஞானஸ்நானம் செல்லாது பாஸ்டர். நான் விசுவாசிக்கல, வழுக்கிட்டேன்!"

"கிருபை அப்படித்தான் பிரதர், கேக்காமலே வரும்."

"விசுவாசம் இல்லாம எப்படிங்க?" என்று மூப்பர் ஒருவர் எழுந்தார். "கீழ்ப்படிதலும் வேணுமே?" என்றார் இன்னொருவர்.

"கீழ்ப்படியிறதா? குளின்னு சொன்னாலே கேக்காத மனுஷன்!" என்றாள் அவர் மனைவி சொர்ணம்.

வாக்குவாதம் மதியச் சாப்பாடு ஆறும்வரை நீண்டது. இதற்கிடையே யாரோ ஏசுபாதத்துக்குத் துண்டைப் போர்த்தி டீ கொடுத்தார்கள். தன்னால் இத்தனை பேர் சந்தோஷப்பட்டு அவர் பார்த்ததே இல்லை. கண் கலங்கிவிட்டது.

அடுத்த ஞாயிறு இஸ்திரி போட்ட சட்டையோடு தானாகவே வந்து நின்றார்.

"இப்ப விசுவாசிக்கிறீங்களா?"

"கொஞ்சம்தான் பாஸ்டர். மிச்சத்துக்கு நீங்க கையைப் பிடிச்சுக்குங்க" என்று தண்ணீரில் இறங்கினார்.